குளவிப் பருந்துக்குப் பேர் போட்ட கதை

அம்மாவுக்கு அந்தப் பருந்தைக் கண்டாலே ஆகாது. வாசலில் துணி காயப்போடும்போது அது தலைக்கு மேலே வட்டமடித்தால், நிமிர்ந்து பார்த்து ஒரு வசவு விட்ட பிறகுதான் அடுத்த துணியை உதறுவார். ஆனால் வருஷா வருஷம் அதை முதலில் பார்ப்பதும் அவர்தான். ஒக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதல் வாரத்திலோ, விடாமல் பெய்த மழை ஒருநாள் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் காலையில், அடுப்படிக்குள் தலையை நீட்டுவார்.

"வந்துருச்சுடா ஒன் கூட்டாளி."

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடுவேன். ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, மேலே, கவ்வாத்து வெட்டிய மலையின் உச்சியில், ஒற்றைச் சவுக்கு மரத்துக்கு நேரே அது சுற்றிக்கொண்டிருக்கும். சிறகை ஒரு தடவைகூட அடிக்காது.

எங்கள் லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, இலங்கை மலையகத்தில் அப்புத்தளைப் பக்கம். பதுளை ரயிலில் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே மலை தெற்கே பார்த்துச் சட்டென்று முடிந்துவிடும். காலடியில் தேயிலை, அதற்குக் கீழே காடு, அதற்கும் கீழே புகை மூடிய சமவெளி. வானம் கழுவி விட்டது போல இருக்கும் நாளில் தூரத்துக் கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும். கீழேயிருந்து வரும் காற்று இந்த மலைச்சுவரில் முட்டி மேலே எழும்பும். நமக்கு அது தொல்லைதான். கூரைத் தகரம் பறக்கும், குடை மறுபக்கம் திரும்பும். பருந்துக்கு அது டிக்கட் எடுக்காமல் ஏறும் ரயில்.

ஊரில் எல்லாமே பருந்துதான். கோழிக்குஞ்சைத் தூக்கினாலும் பருந்து, பாம்பைத் தூக்கினாலும் பருந்து. கோவில் திருவிழாவில் தேருக்கு மேலே சுற்றினால் மட்டும் கருடன். கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் பழகிய பிறகுதான் எத்தனை வகை நம் தலைக்கு மேலே இருக்கின்றன என்று தெரிந்தது. விசில் அடிப்பது போலக் கத்திக்கொண்டே மேலே ஏறுவது பாம்புக் கழுகு. காட்டு மரங்களின் தலையை உரசுகிற மாதிரி மெல்லப் போகும் கன்னங்கரிய கழுகு ஒன்று உண்டு. குருவிகளுக்குள் பாய்ந்து கலவரம் பண்ணுவது வல்லூறு. மலைக்காட்டை விட்டு அதிகம் வெளியே வராத, கொண்டை வைத்த கழுகு இன்னொன்று. அதற்கு 1878 இல் லெக் என்ற பட்டாளத்து அதிகாரி, கேலார்ட் என்ற பட்டாளத்து டொக்டரின் பெயரை அறிவியல் பெயராக வைத்தார். ஆங்கிலத்தில் அதே பறவையை இப்போது லெக்கின் பெயரால் கூப்பிடுகிறார்கள். கோழியைப் பறிகொடுத்தவர்களை யாரும் பெயர் கேட்டதாகத் தெரியவில்லை.

இவையெல்லாம் இங்கேயே பிறந்து இங்கேயே சாகும் ஊர்க்காரப் பறவைகள். அம்மாவின் எதிரி வேறு ரகம். புத்தகத்தில் அதற்குத் தேன் பருந்து என்று பெயர். அம்மா வைத்த பெயர் குளவிப் பருந்து, அதுதான் எனக்கும் வாயில் வருகிறது. சிறகை விரித்தால் ஏறக்குறைய நாலரை அடி. அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத சின்னத் தலை, நீட்டிய கழுத்து. கழுகு உடம்பில் புறாத் தலையை ஒட்டி வைத்தது போல இருக்கும். கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் மீன் செதில் மாதிரிக் குட்டி இறகுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். மற்றப் பருந்துகளுக்கு அது கிடையாது. குளவிக் கூட்டுக்குள் முகத்தை விட்டுத் தின்பவனுக்குத்தானே கவசம் வேண்டும்? அதன் சாப்பாடு தேனீக்களின், குளவிகளின் புழு. பெயர்தான் தேன் பருந்து, தேனை விட அதற்குப் புழுவில்தான் கண்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இதே இனத்தில் ஊர்க்காரர்களும் உண்டு. அவற்றுக்குத் தலையில் நீளக் கொண்டை. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வருபவற்றுக்குக் கொண்டை குட்டை, இல்லை என்றே சொல்லலாம். அரைக் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பறவையின் தலையில் கொண்டை எவ்வளவு நீளம் என்று கீழேயிருந்து பார்த்துச் சொல்வது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, எங்கள் சவுக்கு மரத்துக்கு வருவது அடிக்கடி உட்காரும் பழக்கம் உள்ளது. கொண்டை இல்லை. வந்தவன்தான்.

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் சொல்லவேண்டும்.

நான் உயர்தரம் படித்த வருஷம். ஏழாம் நம்பர் மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மலையின் மேல் ஓரத்தில் பெரிய வாகை மரம். அதன் கிளைக்கு அடியில் குளவிக்கூடு. எங்கள் பக்கம் மலைத்தேனீயையும் குளவி என்றுதான் சொல்வோம், சிங்களத்தில் பம்பரா. கூடு என்றால் பொந்துக்குள் ஒளிந்திருப்பது இல்லை. ஒரே ஒரு அடை, வெட்டவெளியில் முறம் போலத் தொங்கும். அதன் மேல் ஆயிரக்கணக்கில் தேனீக்கள் போர்வையாக மூடியிருக்கும். ஏதாவது கிட்ட வந்தால் அந்தப் போர்வையில் ஓர் அலை ஓடும். ஒவ்வொன்றாக வயிற்றைத் தூக்கிக் காட்டுவதுதான் அந்த அலை. 'கிட்ட வராதே' என்று பொருள். அந்தக் கூட்டைப் பற்றிப் பெண்கள் முந்தின வாரமே மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். பார்க்கலாம் என்றார்கள். யாரும் பார்க்கவில்லை.

காலை பதினொரு மணி இருக்கும். பருந்து மலை உச்சியிலிருந்து சாய்ந்து வந்து, அடையின் ஓரத்தைக் காலால் பிய்த்துக்கொண்டு போனது. அலையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தேனீக்கள் துரத்தின. அது கிடைத்த துண்டோடு காட்டுக்குள் போய்விட்டது. துரத்தியவற்றிடம், கீழே கூடை கட்டி நின்றவர்கள் அகப்பட்டார்கள். ஒரு தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். அதிலிருந்து கிளம்பும் வாடை மற்றத் தேனீக்களை அதே இடத்துக்கு அழைக்கும். பழுத்த வாழைப்பழ வாசனை அது. அம்மா இன்றைக்கும் கோழிக்கூட்டு வாழைப்பழத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகத் தயங்குவார். அவர் இடுப்புப் படங்கை அவிழ்த்துத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு அடியில் குப்புறப் படுத்துவிட்டார். அதனால் முப்பது கொட்டோடு தப்பினார். எண்ணிச் சொன்னது நான்தான், ஊக்கால் கொடுக்குகளை எடுத்தது நான்தான். ஓடினவர்கள் இரண்டு பேர் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். லொறியில்தான் கொண்டுபோனார்கள், கொழுந்து ஏற்றும் லொறியில்.

இப்படியான செய்தி மலையகத்தில் புதிதல்ல. பேப்பரில் இரண்டு அங்குலம் வரும்: குளவி கொட்டி இத்தனை பேர் வைத்தியசாலையில். சில வேளை ஒரு மரணம். கூட்டைக் கலைத்தது பருந்து என்று கடைசி வரியில் இருக்கும். குற்றவாளி பறந்து போய்விட்டதால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

நான் பருந்தைக் கவனிக்க ஆரம்பித்தது அந்தக் கடைசி வரியால்தான். ரசனையெல்லாம் பிறகு வந்தது. அது எந்த மாதம் வருகிறது, எந்த மாதம் போகிறது என்று தெரிந்தால் அந்த மாதங்களில் பெண்களை எச்சரிக்கலாமே என்று நினைத்தேன். பத்தொன்பது வயதில் இப்படி யோசனைகள் நிறைய வரும்.

எழுதிவைக்க ஒரு புத்தகம் தேவைப்பட்டது. பழைய செக்ரோல் புத்தகம் ஒன்று, பாதிக்குமேல் வெறும் பக்கம், எப்படியோ எங்கள் அலமாரிக்குள் வந்து சேர்ந்திருந்தது. தோட்டத்தில் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன்: செக்ரோலில் ஒரு ஆளுக்கு ஒரு வரி. வரி நெடுக மாதத்தின் 31 நாளுக்கும் 31 கட்டம். வேலைக்கு வந்து, சொன்ன கிலோவை எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். வராவிட்டால் கட்டம் வெறுமை. மாதக் கடைசியில் பேரை எண்ணித்தான் சம்பளம். எங்கள் ஆட்கள் பல தலைமுறையாக அந்தக் கட்டங்களுக்குள்தான் இருந்திருக்கிறார்கள். நான் ஒரு வரியில் 'பருந்து' என்று எழுதி, பார்த்த நாளுக்குப் பேர் போட்டேன். தூரத்தில் ஏதோ சுற்றுகிறது, அதுவாக இருக்கலாம் என்றால் அரைப் பேர்.

பிறகு எனக்குப் பண்டாரவளையில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. ஏழரை பஸ். பருந்தோ ஒன்பது மணிக்கு முன்னால் எழும்பாது. வெயில் ஏறி நிலம் சூடானால்தான் காற்று மேலே கிளம்பும். அந்தச் சூட்டுக்காற்றுத் தூணில் ஏறிச் சுற்றிச் சுற்றி உயரத்துக்குப் போய், அங்கிருந்து சாய்ந்து சறுக்கிக்கொண்டே அடுத்த தூணுக்குப் போவதுதான் அதன் பயணம். செலவு கம்மி. இலை மூடிய தேயிலையை விட, கவ்வாத்து வெட்டி மண் தெரியும் மலை சீக்கிரம் சூடாகும். அதனால்தான் எங்கள் பருந்துக்குக் கவ்வாத்து மலை பிடிக்கும். கவ்வாத்து அடுத்த வருஷம் வேறு மலைக்குப் போனபோது அதுவும் கூடவே மாறியதைப் பார்த்துத்தான் இது எனக்கு விளங்கியது. தடவிப் பார்த்தால் தெரியும்: காலை ஒன்பதரைக்கு அந்த மண் வெதுவெதுப்பாக இருக்கும், பக்கத்துத் தேயிலைக்கு அடியில் இன்னும் பனி ஈரம்.

ஆக வார நாட்களில் பார்ப்பது அம்மாவின் பொறுப்பு. இரவு வந்து கேட்பேன், அவர் சொல்வார், நான் அரைப் பேர் போடுவேன். ஒருநாள் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டார்.

"நான் பாத்தா அரைப் பேரா?"

"நீங்க கொண்டையப் பாத்தீங்களாம்மா? ஊர்ப் பருந்தா இருந்தா?"

"முப்பது கொட்டு வாங்குனது நீயா நானா? ஆபீஸ்ல பேசுற மாதிரியே பேசுறியே!"

அன்றிலிருந்து அம்மா பார்த்தாலும் முழுப் பேர்தான்.

நான் செய்த பெரிய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷம் வந்த பறவைக்கு இடது சிறகின் நுனியில் ஓர் இறகு இல்லை. இந்தப் பருந்து சிறகை விரித்தால் நுனியில் கை விரல் போல ஆறு இறகு பிரிந்து நிற்கும். அதில் ஒன்று குறைவு. மூன்றாம் வருஷம் வந்ததற்கும் இடது பக்கம் ஓட்டை. அதே பருந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய் அதே சவுக்கு மரத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது! ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தங்கமலைக் காட்டுக்குப் பறவை பார்க்க வந்த ஒருவரை ரயிலில் சந்தித்தபோது அவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "இறகு முளைக்கும் தெரியுமா தம்பி?" என்றார். பறவைகள் இறகை உதிர்த்து மாற்றிக்கொள்ளும். போன வருஷத்து ஓட்டை இந்த வருஷம் இருக்க நியாயமில்லை. அதே பறவை வந்திருக்கவும் கூடும், சில பறவைகள் அப்படி ஒரே இடத்துக்கு வருவதுண்டு. ஆனால் என் ஓட்டை அதற்குச் சாட்சி ஆகாது. செக்ரோலில் 'அதே ஆள்' என்று எழுதியிருந்ததை அடித்தேன். அடித்த கோடு இன்னும் இருக்கிறது.

அந்த மனிதரிடமிருந்துதான் நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தேன் பருந்துகளில் வலசை போகும் வகை தெற்குச் சைபீரியா, வடகிழக்குச் சீனா, ஜப்பான் பக்கங்களில் குஞ்சு பொரிக்கிறது. ஜப்பானில் ஹிரோயோஷி ஹிகுச்சி என்ற பேராசிரியரின் குழு 2003 முதல் இவற்றின் முதுகில் சின்னக் கருவி கட்டி, செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்தது. இலையுதிர் காலத்தில் அவை ஜப்பானின் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்குச் சீனக் கடலை ஒரே மூச்சில் தாண்டுகின்றன, ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தண்ணீர். பிறகு சீனா, இந்தோசீனா, மலாயா வழியாக இந்தோனேசியாவுக்கும் பிலிப்பைன்சுக்கும். வசந்தத்தில் திரும்பும்போது அந்தக் கடலைத் தொடுவதில்லை. கொரியா வழியாகச் சுற்றிக்கொண்டு மே மாதத்தில் வீடு சேர்கின்றன. போகும்போது பின்னாலிருந்து தள்ளும் காற்று, வரும்போது அந்தக் கடலில் இல்லை. சுற்றுவழியானாலும் தரைவழி. நம்மூர் ஆட்களும் இராவணா எல்ல அருவிக்கு நேர் பாதை இருந்தும் பஸ் போகும் பாதையில்தானே போகிறோம்?

சரி, போகவேண்டிய நேரம் அதற்கு எப்படித் தெரிகிறது? வடநாடுகளில் பகல் நீளுவதும் குறைவதும் பெரிய மணியடிப்பு. எங்கள் மலையில் வருஷத்தின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வித்தியாசம். ஜெர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர் என்ற ஆராய்ச்சியாளர் வலசை போகும் சிறு குருவிகளைக் கூண்டில் வைத்து, வருஷம் முழுக்க ஒரே அளவு வெளிச்சம் கொடுத்துப் பார்த்தார். காலம் வந்ததும் அவை இரவில் கூண்டுக்குள் சிறகடித்துத் துடித்தன. வெளியே எந்த அடையாளமும் இல்லாமலே உள்ளே ஒரு வருஷக் கடிகாரம் ஓடுகிறது. எங்கள் தோட்டத்தில் ஆறு மணிக்கு, வேலைக்கு ஆள் கூப்பிடும் பிரட்டுச் சங்கு ஊதாவிட்டாலும் அம்மா ஐந்தரைக்கு எழும்பிவிடுவார். வேலையை விட்டு எட்டு வருஷமாகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வந்த நாளை எழுதுவது சுலபம். நேற்று வரைக்கும் கட்டம் வெறுமை, இன்றைக்குப் பேர். முடிந்தது. போன நாளை எழுத முடியாது. மார்ச் 20ஆம் தேதிக்குப் பேர் போட்டேன். 21 இல்லை. மூடுபனி, அதனால் தெரியவில்லையோ? 22 இல்லை. கீழ்க்காட்டுக்குப் போயிருக்குமோ? 23 அம்மா மருந்துக்குப் போய்விட்டார், யாரும் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பத்து நாள் கழித்துத்தான் மனம் ஒத்துக்கொள்கிறது, போய்விட்டது என்று. ஆனால் எப்போது? அது கடைசியாகப் பறந்த நாளில் நான் அதைச் சாதாரண நாள் மாதிரிப் பார்த்துவிட்டு, பேர் போட்டுவிட்டு, சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு வருஷம் மட்டும் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மார்ச் நடுப்பகுதி, ஞாயிறு. அந்த மாதத்தில் காலை பளிச்சென்று விடியும், மத்தியானத்துக்கு மேல் மேகம் கட்டி இடி இடிக்கும். பத்து மணிக்குக் கவ்வாத்து மலைக்கு மேலே மூன்று பருந்துகள் ஒரே தூணில் ஏறின. அதுவரை ஒன்றுக்குமேல் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஏறி ஏறி மிளகு அளவுக்குச் சின்னதாகி, பிறகு மூன்றும் ஒரே கோடாகச் சாய்ந்து வடக்கே, பண்டாரவளைப் பக்கம் சறுக்கின. ஒரு வட்டம்கூடத் திரும்பவில்லை. கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்து சிவப்புப் பேனையால் 'போயிற்று' என்று எழுதி, தேதிக்குக் கீழே கோடும் போட்டேன். கண் கொஞ்சம் கலங்கியது என்று ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை சவுக்கு மரத்தில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

"இன்னும் போகலயாக்கும்," என்றார் அம்மா. போன மூன்றும் வேறெங்கோ இருந்து வந்து எங்கள் மலையில் படி ஏறிப் போனவை போலிருக்கிறது. என் ஆள் அதற்குப் பிறகும் இரண்டு வாரம் இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில், நான் பார்க்காத ஏதோ ஒரு வார நாளில், போனது.

அம்மாவின் பழைய கூட்டத்துப் பெண்கள் என்னைக் கண்டால் கேட்பார்கள், "தம்பி, பருந்து போயிருச்சா?" எச்சரிக்கை அட்டவணை போடப் போகிறேன் என்று நான் பெருமையடித்ததன் பலன். நான் என்ன சொல்வது? போன மாதிரித்தான் தெரிகிறது, நிச்சயமில்லை. போனாலும் ஊர்ப் பருந்து இருக்கிறது. பலத்த காற்றில் ஒரு கொப்பு முறிந்தாலே போதும், குளவி கலையும். கூட்டைக் கண்ட அன்றைக்கே அந்த மலையில் வேலையை நிறுத்துவதுதான் வழி, அதற்குப் பருந்தின் கணக்கு தேவையே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. பெண்களுக்கு முதலிலேயே தெரியும். ஆனாலும் கேட்கிறார்கள்.

மனிதர்கள் போன நாள் அப்படி இல்லை. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1964 ஒக்டோபர் 30 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டார்கள். பெரியம்மா புறப்பட்ட நாள், கிழமை, கட்டியிருந்த சேலையின் கரை, தலைமன்னாருக்குப் போகும் ரயிலின் எந்தப் பெட்டி, எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். கப்பலில் இராமேஸ்வரம் போய், பிறகு நீலகிரியில் மறுபடி தேயிலை. அங்கிருந்து முதல் கடுதாசி வந்தது எந்த நாள் என்று கேட்டால் அம்மாவுக்கு ஞாபகமில்லை. பருந்துக்கு நேர்மாறு. பருந்தையும் எங்களையும் ஒப்பிட்டு எழுதுவது இப்போது ஒரு வாடிக்கையாகிவிட்டது, எனக்கு அதில் பெரிய இஷ்டமில்லை. பருந்துக்கு யாரும் கடவுச்சீட்டு கொடுத்துப் பறிக்கவில்லை. ஆனால் ஒன்று உண்மை: தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். இந்தத் தீவுக்கு வடக்கிலிருந்து வரும் பருந்துகள் கூடியவரை குறுகலான தண்ணீரைத் தேடித்தான் தாண்டும். கடலுக்குமேல் நல்ல சூட்டுக்காற்றுத் தூண் கிடைப்பது அரிது. சிறகை அடித்துத்தான் போகவேண்டும்.

அந்தத் தாண்டுதலை நான் பார்த்ததில்லை. ஆனால் இதே மாதிரி இன்னொரு தாண்டுதலைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைத்தது. எங்கள் மேட்டு லயத்துக் கூட்டாளி மலேசியாவில், போர்ட்டிக்சன் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். ஒரு மார்ச் மாதம் இரவு போன் பண்ணினான்.

"மச்சான், ஒன் பருந்துக்கு இங்க திருவிழா நடக்குது!"

தஞ்சோங் துவான் என்ற கடல்முனை. காட்டு மேடு, உச்சியில் பழைய வெளிச்சவீடு. மலாக்கா நீரிணை அங்கேதான் மிகவும் குறுகல், எதிர்க்கரையில் சுமத்திராவை ஒட்டிய ரூப்பாட் தீவுக்கு 38 கிலோமீட்டர். இந்தோனேசியாவில் குளிர்காலத்தைக் கழித்த தேன் பருந்துகள் வசந்தத்தில் வடக்கே திரும்பும்போது அந்த முனையில்தான் கரை ஏறுகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000 முதல் மார்ச் மாதங்களில் அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்துகிறது. குடும்பம் குடும்பமாக வருவார்களாம், எண்ணுபவர்கள் குறித்துக்கொண்டே இருப்பார்களாம். இவன் ஹோட்டலுக்கு அந்த இரண்டு நாளும் வியாபாரம் அமோகம். அதனால்தான் இவனுக்குப் பருந்து மேல் பாசம்.

பருந்தைச் சுட்டுத் தள்ளிய இடத்தில் அதை எண்ண உட்கார்ந்த கதையும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்ற மலைமுகட்டில் வலசை போகும் பருந்துகளைப் பொழுதுபோக்காகக் கூட்டம் கூட்டமாகச் சுட்டார்கள். 1934 இல் ரோசாலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் வைத்தார். காவலுக்கு வந்தவர் துப்பாக்கிக்காரர்களைத் தடுத்துக்கொண்டே போகிற பருந்துகளை எண்ணவும் தொடங்கினார். எங்கள் லயத்தில் கவண் இல்லாத பையன் கிடையாது, நானும் அடித்திருக்கிறேன். படவில்லை.

எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது வெறும் ஆசைக்கு மட்டும் இல்லை. 1990களில் அமெரிக்காவில் ஸ்வெயின்சன் பருந்து என்ற வகைக்குக் கருவி கட்டி விட்டபோது அது அர்ஜென்டினாவின் புல்வெளிக்குப் போய் நின்றது. பின்னால் போய்ப் பார்த்தவர்கள் வயல்களில் செத்துக் கிடந்த பருந்துகளைக் கண்டார்கள், ஆயிரக்கணக்கில். வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டோபாஸ். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இலங்கையில் 1995 இல் தடை செய்த மருந்து அது. பருந்துகளுக்காக இல்லை, இங்கே அதைக் குடித்துச் செத்தது மனிதர்கள்.

எங்கள் சவுக்கு மரத்துப் பருந்துக்குக் கருவி கிடையாது. அது எந்தக் காட்டில் போய் இறங்குகிறதோ, அங்கே யாராவது 'வந்துருச்சு' என்று சொல்கிறார்களோ என்னவோ. என் செக்ரோலில் அதன் வரி ஏப்ரலில் நின்றுவிடும். மே வந்தால் தென்மேற்குக் காற்று தொடங்கிக் கூரையைப் பிடுங்கும். பிறகு எங்கள் ஊவா மாகாணப் பக்கம் வறட்சி, நல்ல கொழுந்து, ஸ்டோரில் இரவு பகலாக மெஷின். ஒக்டோபர் வரை வெறும் கட்டம்.

போன பங்குனியில் கூட்டாளி போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். வெளிச்சவீட்டு மேட்டிலிருந்து எடுத்தது, கை ஆட்டம் அதிகம். முதலில் வெறும் கடல். அப்புறம் தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு புள்ளி. எங்கள் மலையில் சிறகை அசைக்காத அதே ரகம், அடித்து அடித்து, தாழ்ந்து, மறுபடி அடித்து வருகிறது. கரையோர மரங்களைத் தாண்டும்போது வயிறு இலையில் உரசிவிடுமோ என்று பார்க்கிறவருக்கே மூச்சு முட்டும். தாண்டியதும் சூட்டுக்காற்று தட்டுப்பட்டிருக்க வேண்டும், சிறகை விரித்துவிட்டது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை நான் போடும்போது, பருந்தை விட்டுவிட்டு மரங்களுக்குக் கீழே விரலை வைத்தார்.

"இங்க கீழ யாராச்சும் வேல செய்றாங்களாடா?"

"இல்லம்மா, வெறும் காடு."

"சரி, போடு," என்றார்.